மறைத்தலும் அருளே: ஜன்னல் கண்ணாடியும் சைவ சித்தாந்தமும்

ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவர் அளவு எடுப்பதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இந்த ஜன்னல் எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும்? கூடத்துக்குத் தெளிந்த கண்ணாடி. குளியலறைக்குப் புள்ளி புள்ளியாக அச்சிட்ட பின்ஹெட் கண்ணாடி. தெருவைப் பார்த்த அறைக்குக் கறுப்புக் கண்ணாடி, அல்லது வெளியே நிற்பவர் முகத்தை அவருக்கே திருப்பிக் காட்டும் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி. காட்டுவதும் மறைப்பதும் அவர் கையில் ஒரே வேலை. தமிழ்ச் சைவத்தின் மிகக் கடினமான கேள்வி ஒன்றை விளங்கிக்கொள்ள இந்த வேலை பெரிதும் உதவுகிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனின் ஐந்தொழிலை வகுத்த சைவ சித்தாந்தம், நான்காவதான மறைத்தலையும் அருள் என்றே சொல்கிறது. உயிர் தன்னை அறிய வேண்டும் என்று விரும்புகிற இறைவன் தன்னைத் தானே ஏன் மறைத்துக்கொள்ள வேண்டும்? மறைப்பது எப்படி அருளாகும்?

தென்காசி மாவட்டத்தில், குற்றாலத்து ஐந்தருவிப் பக்கம், கண்ணாடி வேலை மற்ற ஊர்களைவிடக் கூடுதல் கவனம் கேட்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையைத் தாண்டி வரும். மழை என்று சொல்ல முடியாத மெல்லிய சாரல் காற்றோடு பக்கவாட்டில் வந்து ஜன்னலில் அடிக்கும். மலைநீர் ஐந்து கிளையாகப் பாறையில் பிரிந்து விழும் அந்த இடத்தைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கு வருகிறவர்கள் அறையிலிருந்தே மலையைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் சாரலும் வரும், குரங்கும் வரும். குற்றாலத்துக் குரங்குகள் திறந்து கிடக்கும் ஜன்னலை விட்டுவைப்பதில்லை. மரக்கதவும் இரும்புக் கம்பியும் மட்டும் கொண்ட பழைய வீட்டு ஜன்னலில் சாரல் அடித்தால் கதவைச் சாத்த வேண்டும். சாத்தினால் அறை இருட்டு. கண்ணாடி வந்தபிறகுதான் நீரையும் காற்றையும் நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட முடிந்தது. ஒரே பொருள் ஒன்றுக்குத் தடையாகவும் இன்னொன்றுக்கு வழியாகவும் நிற்கிறது.

கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியைச் செய்வதில்லை. மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றைச் சுமார் 1500 டிகிரி செல்சியசில் உருக்கி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுப் பலகையாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000இல் இந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கியது. கடைக்கு வந்து சேர்வது முழுப் பலகை, அங்கிருந்துதான் கைவேலை.

4 எம்.எம். பலகையைத் துணி விரித்த மேசையில் படுக்கவைத்து, அளவுகோலை அணைத்து, மண்ணெண்ணெயில் தொட்ட கட்டரை ஒரே இழுப்பாக இழுக்கிறார். கட்டரின் சிறு சக்கரம் கண்ணாடியை அறுப்பதில்லை, மேலே ஒரு கீறல் மட்டும் போடுகிறது. ‘சர்ர்’ என்ற சத்தம் முனையிலிருந்து முனைவரை ஒரே சீராகக் கேட்டால் கீறல் சரி. சத்தம் நடுவில் விட்டுப்போனால் கண்ணாடி அந்த இடத்தில் கோணலாக உடையும். அதே கோட்டில் இரண்டாம் முறை இழுத்தால் கட்டரும் கெடும், விளிம்பும் பொரியும். கீறலுக்கு அடியில் மெல்லிய குச்சியை வைத்து இரு பக்கமும் அழுத்தினால் போட்ட கோட்டிலேயே பிரிந்துவிடும். மரச்சட்டத்தின் காடி அளவுக்குச் சரியாக வெட்டக் கூடாது, ஒவ்வொரு பக்கமும் 2 எம்.எம். போலக் குறைத்தே வெட்ட வேண்டும். சாரல் காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதும். இறுக்கமாகப் போட்ட கண்ணாடி அந்த நெருக்கத்தில் விரிசல் விட்டுவிடும். பிறகு பீடிங் கட்டை வைத்துச் சிற்றாணி அடித்து, பட்டியோ சிலிக்கானோ கொடுத்து நீர் கசியும் வழியை அடைக்கிறார்.

சித்தாந்தம் உலகத் தோற்றத்துக்குச் சொல்லும் மூன்று காரணங்கள் இந்த மேசையிலேயே இருக்கின்றன. பொருள் முதற்காரணம், கருவி துணைக்காரணம், செய்பவன் நிமித்த காரணம். நூல்கள் மண், திகிரி, குயவன் என்று காட்டுவதை இங்கே கண்ணாடி, கட்டர், அதைப் பிடித்த கை என்று வைக்கலாம். சித்தாந்தத்தின் இறைவன் இல்லாததிலிருந்து எதையும் உண்டாக்குவதில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் தொடக்கம் அற்றவை. உடலையும் உலகையும் அவன் மாயையிலிருந்து அமைக்கிறான், மாயையை அவன் படைக்கவில்லை. உயிரை மூடியிருக்கும் ஆணவ மலத்தையும் அவன் படைக்கவில்லை. செம்பில் களிம்பு போல அது உயிரோடு தொன்றுதொட்டு இருப்பது. மறைத்தல் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் வேர்கொள்கிறது. இதை விட்டுவிட்டுப் பேசினால், தானே இருட்டை உண்டாக்கித் தானே விளக்கேற்றுபவனாக இறைவன் தோன்றிவிடுவான்.

களிம்பு உவமை பழையது. கண்ணாடிக் கடையில் அதற்கு இன்னும் நுட்பமான ஒரு சான்று உண்டு. சாரல் காலத்தில் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் இடையில் ஈரம் புகுந்து நிற்கும். அந்த ஈரம் கண்ணாடிக்குள் இருக்கும் சோடியத்தை மெல்ல வெளியே இழுக்கும். நீர் காரத்தன்மை அடையும், அந்தக் காரம் கண்ணாடியின் மேற்பரப்பையே அரிக்கும். நாளடைவில் வெண்புகை படிந்ததுபோல மங்கல் விழும். முற்றிவிட்டால் எந்தத் துணியாலும் போகாது. பலகைகளுக்கு நடுவே தாள் வைத்து, நிமிர்த்திச் சாய்த்து, காற்றோட்டமாக நிறுத்துவது இதனால்தான். கறை வெளியிலிருந்து வந்து ஒட்டியதுபோலத் தோன்றும், ஆனால் அது கண்ணாடியின் உள்ளிருந்து கிளம்பியது. மணலைக் குறைந்த வெப்பத்தில் உருகவைத்த அதே சோடாதான் பின்னால் கறைக்கும் காரணமாகிறது. இந்த ஒப்புமையைக் கடைசிவரை இழுக்க முடியாது. சோடா கண்ணாடியின் கூறு. ஆணவம் உயிரின் கூறு அல்ல, உயிரைப் பற்றிய குற்றம் என்று சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மரபு அழுத்திச் சொல்கிறது. குற்றத்தைப் புறத்தே தேடக் கூடாது என்ற அளவுக்கு மட்டும் ஒப்புமை நிற்கும்.

ஆணவம் சடம். தானாக எதையும் செய்யாது, தானாக நீங்கவும் நீங்காது. அதன் மறைக்கும் ஆற்றல் செயல்பட்டுத் தேய வேண்டுமானால் அறிவுள்ள ஓர் ஆற்றல் அதைச் செலுத்த வேண்டும். சிவனுடைய சத்தியே அதற்காகப் பாசத்தினுள் நின்று, அதன் போக்கோடு ஒத்து, அதைத் தொழிற்படுத்துகிறது. அந்நிலையில் அதற்குத் திரோதான சத்தி என்று பெயர். மலத்தைச் செலுத்துவதால் உபசாரமாக அதையும் மலங்களில் ஒன்றாக எண்ணி, ஆணவம், கன்மம், மாயை, மாயேயம், திரோதாயி என ஐந்து மலம் கூறுவதும் உண்டு. இப்படி மலம் என்று பெயர் பெற்ற சத்திதான், மலம் பழுத்து நீங்கும் பக்குவம் அடைந்த காலத்தில் அருட்சத்தியாய் உயிரில் பதிகிறது. அருள்வதற்கு வேறொரு சத்தி வருவதில்லை.

மறைத்தபடியே அருள்வது என்றால் என்ன என்பதற்குக் குளியலறை ஜன்னல் நல்ல எடுத்துக்காட்டு. மணல் பாய்ச்சிச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி, ஒளியைத் தடுப்பது கொஞ்சம்தான். அது கதிர்களைப் பல திசைகளில் சிதறவிடுகிறது. அறையில் வெளிச்சம் நிறைகிறது, உருவம் மட்டும் தெரிவதில்லை. கட்டுண்ட உயிரின் நிலையும் இதுவே. அது உலகை அறிவதும் நுகர்வதும் செயல்படுவதும் இறைவனின் ஒளியால். அந்த ஒளி யாருடையது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. தெரியாததால் ‘நான் காண்கிறேன், நான் செய்கிறேன்’ என்று முனைந்து வினை செய்கிறது, அதன் பயனை உண்டு கழிக்கிறது. ஒளியின் உரிமையாளனை முதலிலேயே நேரே காட்டிவிட்டால் உயிர் உலகில் இறங்காது. நுகராத வினை தீராது, நல்வினை தீவினை இரண்டையும் சமமாகக் காணும் இருவினையொப்பு வராது, மலம் பழுக்காது. மறைத்தல் இல்லாமல் அருளலுக்கு வழி இல்லை என்று சித்தாந்தம் சொல்வதன் பொருள் இதுதான்.

இந்தக் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தை எந்தப் புறம் வைப்பது என்பதைத் தேர்ந்த வேலைக்காரர் யோசித்தே செய்வார். அந்தப் பக்கம் நனைந்தால் நீர் நுண்ணிய பள்ளங்களை நிரப்பிவிடும், சிதறல் குறையும், அதுவரை மறைத்திருந்த கண்ணாடி நனைந்த இடத்தில் தெளிந்து காட்டத் தொடங்கும். ஐந்தருவிப் பக்கம் வெளியே சாரல் படும், உள்ளே குளிப்பவரின் நீர் தெறிக்கும். மேலே சன்ஷேடு எவ்வளவு நீட்டியிருக்கிறது, ஷவர் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மறைக்கும் பொருளே, வேறொன்றாக மாறாமல், காட்டும் பொருளாகிவிடும் என்பதற்கு இது கண்முன் நடக்கும் சான்று. திரோதானமே அருளாகும் என்ற கோட்பாட்டை முரண்பாடு என்று தள்ளுகிறவர்கள் இதைக் கருத வேண்டும்.

ஆனால் கண்ணாடியைத் திரோதானத்துக்கு நேராக வைத்துவிடக் கூடாது. கண்ணாடி மறைக்கிறது, இங்கே மறைப்பு வேண்டும், அங்கே வேண்டாம் என்று முடிவு செய்தவர் கண்ணாடி போட்டவர். கண்ணாடி பாசத்தின் இடத்திலும் அவருடைய முடிவு திரோதானத்தின் இடத்திலும் நிற்கின்றன. வீட்டில் இருப்பவரின் நன்மை கருதி எடுத்த முடிவு என்பதால்தான் மறைப்பை யாரும் குறையாக நினைப்பதில்லை.

தெளிந்த கண்ணாடியும் முழுதாகக் காட்டிவிடுவதில்லை. அதன் ஒவ்வொரு பரப்பும், நேராக வந்து விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பரப்புக்கும் சேர்த்துச் சுமார் 8 விழுக்காடு. பகலில் மலையின் வெளிச்சத்துக்கு முன் இந்த எதிரொளி கண்ணுக்குப் படாது. இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டால் மலை போய்விடும், பார்ப்பவர் முகமே கண்ணாடியில் நிற்கும். கண்ணாடி மாறவில்லை, ஒளி இருக்கும் பக்கம் மாறியிருக்கிறது. தன் சிற்றறிவை மட்டும் விளக்காகக் கொண்டு பார்க்கும் உயிர் எங்கும் தன்னையே காண்கிறது என்பதுதான் ஆணவம் பற்றிய சித்தாந்தத்தின் முடிவு.

கண்ணாடியில் தன்னைக் காண்பதை வழிபாடாகவே கொண்ட மரபும் இந்தத் தென்கோடியில் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமிதோப்பில் தோன்றிய அய்யா வைகுண்டரின் (1809–1851) வழியில் அமைந்த தலைமைப்பதியிலும், தென் மாவட்டங்கள் எங்கும் பரவிய நிழல் தாங்கல்களிலும் பள்ளியறையில் நிலைக்கண்ணாடி இருக்கிறது. கோயிலுக்குள் நுழையவே உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு, தெய்வம் உன்னுள்ளும் இருக்கிறது என்று சொன்ன கண்ணாடி அது. நாராயண குரு 1927இல் கேரளத்தின் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிட்டை செய்தார். இந்த இரண்டின் சமூகப் பெருமையும் எந்தத் தத்துவ வேறுபாட்டாலும் குறைவதில்லை. ஆனால் வேறுபாடு இருக்கிறது, அதை மழுப்பவும் கூடாது. சித்தாந்தியைப் பொறுத்தவரை கண்ணாடியில் தெரிவது உயிர். உயிர் சிவத்தோடு இரண்டறக் கலந்து நிற்கலாம், அதுவே சிவமாகிவிடாது.

இதே விவாதத்தை வேதாந்திகளும் சித்தாந்திகளும் படிகத்தை வைத்து நெடுங்காலம் நடத்தியிருக்கிறார்கள். செம்பருத்திப் பூவின் அருகே வைத்த படிகம் சிவப்பாகத் தெரிகிறது. அந்தச் சிவப்பு பொய்த்தோற்றம், படிகம் எப்போதும் நிறமற்றதே என்பது அத்வைதம். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான போதம், எட்டாம் நூற்பாவின் விளக்கத்தில் அதே படிகத்தை எடுத்து வேறு முடிவுக்கு வருகிறது. அருகில் உள்ளதன் நிறத்தைக் காட்டுவது படிகத்தின் இயல்பு. சார்ந்ததன் வண்ணம் ஆவது உயிரின் இயல்பு. புலன்களைச் சார்ந்தால் புலன்களின் வண்ணம், சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வண்ணம். ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு முதல்வனே குருவாக வந்து உணர்த்துவதைச் சொல்வதும் இந்த நூற்பாதான்.

படிகத்துக்குப் பதில் ஜன்னல் கண்ணாடியை வைத்தாலும் சித்தாந்தத்தின் பக்கம் வலு குறையவில்லை. குற்றாலத்து ஜன்னலில் காலையில் மலையின் பச்சை, மேகம் இறங்கினால் வெள்ளை, மாலையில் செம்மை. கண்ணாடிக்குத் தன் நிறமே இல்லை என்று தோன்றும். வெட்டிய பலகையின் விளிம்பைப் பார்த்தால் பச்சை தெரியும்; மணலோடு வந்த இரும்பின் நிறம் அது. முகப்பில் எதிரே இருப்பதன் வண்ணமாகவே நிற்கும் பொருளுக்கும் தனக்கென ஓர் இருப்பு உண்டு. சார்ந்ததன் வண்ணமாகும் உயிர், சாரப்படும் பொருளில் கரைந்து இல்லாமல் போய்விடுவதில்லை என்ற வாதம் இங்கே உறுதிப்படுகிறது.

மறைத்தல் அருள் என்பதை ஏற்காதவர்களின் தரப்பும் லேசானதல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம், நோயில் கிடப்பவரிடம், இதெல்லாம் உன் மலம் பழுப்பதற்காக என்று சொல்வது கொடுமை அல்லவா? இதற்கு நூல்களில் உள்ள விடை, உயிரின் மூன்று நிலைகளை வைத்துச் சொல்லப்படுகிறது. உடலும் கருவியும் இன்றி ஆணவத்தில் மட்டும் அழுந்திக் கிடப்பது கேவலம். அது ஜன்னலே இல்லாத சுவர். மாயை தந்த உடலோடு உலகில் உழல்வது சகலம். அது குளியலறைக் கண்ணாடி: ஒளி உண்டு, வடிவம் இல்லை. மலம் நீங்கி அருளில் நிற்பது சுத்தம். பொழுது விடியும்வரை விளக்கு உதவுவதுபோல மாயை உயிருக்கு உதவுகிறது என்ற கருத்தை உமாபதி சிவம் திருவருட்பயனில் வைக்கிறார். மாயை முழுதும் மயக்கம் என்று தள்ளாமல், அரை வெளிச்சமும் வெளிச்சமே என்று அதை மதித்தது சித்தாந்தத்தின் தனிச்சிறப்பு. துன்பத்தை இறைவன் உண்டாக்குகிறான் என்ற குற்றச்சாட்டை இந்த விடை தீர்க்கிறது. துன்பப்படுபவரின் வலியை அது தீர்ப்பதில்லை, தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆறுதலுக்குச் சைவம் தேவாரத்திடம்தான் போகிறது. ஞானசம்பந்தர் குற்றாலத்தையும் இவ்வூர்த் தலமரமான குறும்பலாவையும் தனித்தனிப் பதிகங்களில் பாடியிருக்கிறார்.

மற்ற மரபுகளும் ஒளிக்கும் கண்ணுக்கும் இடையில் எதையாவது வைத்தே பேசுகின்றன. குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்து ஒளி வசனத்தில், மாடத்து விளக்கு கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்தக் கண்ணாடியே விண்மீன்போல் ஒளிர்வதாகச் சொல்லப்படுகிறது. அங்கே கண்ணாடி மறைப்பதில்லை, விளக்கின் ஒளியில் தானும் பங்கு கொள்கிறது. வள்ளலார் 1872இல் வடலூரில் தொடங்கிய சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன் ஏழு திரைகள். தைப்பூசத்தன்று அவற்றை ஒவ்வொன்றாக நீக்கியே ஜோதி காட்டப்படுகிறது. திரை விலகுவதற்காகவே கட்டப்பட்டது என்பதில் வள்ளலாரும் சித்தாந்திகளும் ஒத்துப்போகிறார்கள்.

மறைத்தலும் அருளலும் ஒருவன் செயலே என்பதற்குக் குற்றாலத்திலேயே ஓவியச் சான்று உண்டு. சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் ஐந்து சபைகளில் இவ்வூரின் சித்திர சபையும் ஒன்று. இங்கே நடராசர் உலோகத் திருமேனியாக இல்லை, சுவரில் தீட்டிய ஓவியமாகவே வழிபடப்படுகிறார். மெய்கண்டாரின் மாணவர் மனவாசகம் கடந்தார் உண்மை விளக்கத்தில் அந்தக் கூத்தின் உறுப்புகளுக்குப் பொருள் சொல்கிறார். துடி படைத்தல், அமைத்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல். ஊன்றிய காலின் பலத்தில்தான் மற்றக் காலைத் தூக்க முடியும். கூத்தைப் பார்க்கிற எவரும் இதைக் கேட்காமலே ஒப்புக்கொள்வார்கள். ஓவியம் என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. ஓவியத்தைக் காண வெளிச்சம் வேண்டும். வெளிச்சமே நாளடைவில் வண்ணத்தை வெளுக்கவைக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி புறஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் நிறுத்தும், மற்றது உள்ளே வந்துவிடும். பழைய சுவரோவியம் உள்ள மண்டபங்களில் வெளிச்சத்தை அளந்தே விட வேண்டியிருக்கிறது.

ஒப்புமை முறியும் இடமும் உண்டு. கண்ணாடி காட்டும், ஆனால் காணாது. சிவஞான போதத்தின் பதினோராம் நூற்பா சொல்லும் இறைவன் காட்டுவதோடு நிற்பதில்லை; கண்ணுக்கு உயிர் உதவுவதுபோல, உயிருக்குப் பொருளை அறிவித்து, தானும் உடனிருந்து அறிகிறான். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்து முனிவராக வாழ்ந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர், சிவஞான போதத்துக்கு எழுதிய மாபாடியம் என்ற உரையில் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இவற்றைப் பிரித்து விளக்குகிறார். கண்ணாடியும், அதைப் போட்டுவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறவரும் காட்டும் உபகாரம் மட்டுமே செய்ய முடியும். காணும் உபகாரத்துக்கு உலகில் உவமை தேடினால் உயிர் தன் கண்ணுக்குச் செய்வதைத் தவிர வேறொன்று கிடைப்பது அரிது.

முத்தி நிலையிலும் ஆணவம் அழிவதில்லை என்பது சித்தாந்தத்தின் துணிபு. அதன் ஆற்றல் மடங்குகிறது, பொருள் இருக்கிறது. உடலோடு இருக்கும் சீவன்முத்தருக்குப் பழைய வாசனை திரும்பவும் தலைதூக்கக்கூடும். அதனால் சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவாகிய கடைசி நூற்பா, மலத்தைக் கழுவி, அன்பரோடு கூடி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே கண்டு தொழ வேண்டும் என்று ஞானிக்கும் விதிக்கிறது.